இரண்டு லைன், ஒரே கம்பம்

பி.காம். படித்தவனுக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்று திருப்பூரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. யார் ஆரம்பித்து வைத்தார்களோ தெரியவில்லை. டேலியில் வவுச்சர் போடத் தெரிந்தால் போதும். பிரின்டர் மக்கர் பண்ணினாலும் கூப்பிடுவார்கள், வாசல் கேமரா கோணலாகிவிட்டாலும் கூப்பிடுவார்கள். என்னை அப்படிக் கூப்பிடுகிறவர் என் தாய்மாமன்.

மாமாவுக்கு மங்கலம் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் பனியன் கம்பெனி. 60 மெஷின். வாரத்தில் மூன்று நாள் அங்கே உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறேன். மீதி நாட்களில் பத்திரிகைகளுக்கு எழுதுகிறேன். “எழுதறது செரி மாப்ளே, வேலைக்கு என்ன பண்ணப் போறே?” என்று மாமா பத்து வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

இந்தக் கட்டுரையைப் படித்தால் அதே கேள்வியை இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கேட்பார். ஏனென்றால் இது நான் அவருக்கு வைத்த ஒரு செலவின் கதை.

* * *

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். ஜெர்மனிக்குப் போகவேண்டிய சரக்கு ரெடி. செக்கிங் முடிந்து, அயர்னிங் முடிந்து, பாலிதீன் பைக்குள் போய், அட்டைப்பெட்டிக்குள் அடைந்து, கூரை வரைக்கும் அடுக்கியாகிவிட்டது. பாக்கி ஒன்றே ஒன்று, ஸ்டிக்கர்.

ஸ்டிக்கர் என்றால் லேசாக நினைக்காதீர்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பார்கோடு. அதை நம் இஷ்டத்துக்கு அடிக்க முடியாது. பையரின் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து, பெட்டியில் எத்தனை பீஸ், என்ன கலர், என்ன சைஸ் என்று சொன்னால், அது கொடுக்கும். நாம் இங்கே பிரின்ட் எடுத்து ஒட்ட வேண்டும். ஸ்டிக்கர் இல்லாத பெட்டி, டிக்கெட் இல்லாத பயணி மாதிரி. லாரியில் ஏறலாம், கப்பலில் ஏற முடியாது.

ஆறு மணிக்கு இன்டர்நெட் போய்விட்டது.

மோடத்தில் சிவப்பு விளக்கு. கஸ்டமர் கேருக்கு போன் போட்டால், உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது என்று ஒரு பெண்குரல் பாட்டுக்கு நடுவே சொல்லிக்கொண்டே இருந்தது. வாசலில் லாரி டிரைவர் இரண்டாவது டீயை முடித்துவிட்டு மூன்றாவதுக்குப் போனார்.

நான் ஹீரோ ஆக வேண்டிய தருணம் இதுதான் என்று நினைத்தேன். செல்போனை எடுத்து ஹாட்ஸ்பாட் போட்டேன். கம்ப்யூட்டரில் இன்டர்நெட் வந்துவிட்டது. மாமா என்னைப் பார்த்த பார்வையில், ‘பரவாயில்லை, அக்கா மகன் உருப்படுவான்’ என்கிற நம்பிக்கை தெரிந்தது. அது சரியாக 40 விநாடி இருந்தது.

“அண்ணா, கிரிக்கெட் ஸ்கோர் வருது. மெயில் வருது. ஸ்டிக்கர் வர மாட்டேங்குது” என்றாள் மெர்ச்சண்டைசர் பெண்.

போய்ப் பார்த்தேன். பையரின் வாசலில், ‘உங்களுக்கு அனுமதி இல்லை’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. பாஸ்வேர்டை மூன்று தரம் அடித்தோம். மூன்று தரமும் அதே வரி. ஜெர்மன்காரனுக்கு ஹாட்ஸ்பாட் பிடிக்காது போலிருக்கிறது என்று நானே ஒரு முடிவுக்கு வந்து, அதோடு விட்டுவிட்டேன். ஏன் என்று கேட்கவில்லை. இந்த ‘கேட்கவில்லை’யை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

நடுராத்திரி ஒரு மணிக்கு லைன் வந்தது. பேக்கிங் ஆட்கள் எல்லோரும் உட்கார்ந்து ஸ்டிக்கர் ஒட்டி, நாலு மணிக்கு லாரி தூத்துக்குடிக்குக் கிளம்பியது. துறைமுகத்தில் கட்-ஆஃப் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் போய்ச் சேர்ந்தது. தப்பித்தோம்.

மறுநாள் மாமா கூப்பிட்டார். “மாப்ளே, இன்னொரு கம்பெனில இன்னொரு லைன் போட்ரு. ஈபி போனா ஜெனரேட்டரு. இது போனா அது. இதுக்கு என்னத்துக்கு யோசனை?”

மாமா சொன்னதில் தப்பே இல்லை. 2012-ல் சென்னைக்கு வெளியே ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாத நாட்கள் உண்டு. அப்போது ஜெனரேட்டரை வைத்துத்தான் இந்த ஊர் ஒன்றரை ஷிப்ட் ஓட்டியது. ஒன்று போனால் ஒன்று என்பது திருப்பூரின் ரத்தத்தில் இருக்கிறது. இன்டர்நெட்டில் அந்த யோசனைக்கே முன்பு இடமில்லை. 1995 ஆகஸ்ட் 15-ம் தேதி வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இன்டர்நெட் கொடுக்க ஆரம்பித்தபோது அது ஒன்றுதான் கடை. 1998 நவம்பரில்தான் தனியாருக்குக் கதவு திறந்தது. இப்போது தெருவுக்கு நாலு பேர் நோட்டீஸ் கொடுக்கிறார்கள்.

நானும் நோட்டீஸைப் பார்த்து, விலை குறைந்த ஒன்றைப் பிடித்தேன். இரண்டாவது கம்பெனியின் பெட்டி வந்தது. பழைய பெட்டி கறுப்பு, புதுசு வெள்ளை. சுவரில் பக்கத்துப் பக்கத்தில் மாட்டியபோது, மாப்பிள்ளையும் பெண்ணும் மணவறையில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. போட்டோகூட எடுத்தேன்.

* * *

இரண்டு மாதம் கழித்து ஒரு புதன்கிழமை. மறுபடியும் ஜெர்மனி, மறுபடியும் ஸ்டிக்கர்.

பதினோரு மணி சுமாருக்கு நூல் மூட்டை ஏற்றிய லாரி ஒன்று எங்கள் சந்து முனையில் திரும்பியது. லோடு கொஞ்சம் உயரம். முனையில் இருக்கும் கம்பத்திலிருந்து தொங்கிய ஒயர்களை அப்படியே வாரிக்கொண்டு போய்விட்டது. ‘படார்’ என்று ஒரு சத்தம். உள்ளே கறுப்புப் பெட்டியில் சிவப்பு விளக்கு. அடுத்த நொடி வெள்ளைப் பெட்டியிலும் சிவப்பு விளக்கு. புருஷன் பெண்டாட்டிக்குள் அப்படி ஒரு ஒற்றுமையை நான் பார்த்ததில்லை.

முதல் கம்பெனிக்கு போன் போட்டேன். ஆள் அனுப்புகிறேன் என்றார்கள். இரண்டாவது கம்பெனிக்கும் போட்டேன். அவர்களும் ஆள் அனுப்புகிறேன் என்றார்கள். சாயங்காலம் ஒரு ஆள் ஏணியோடு வந்தார்.

“நீங்க எந்தக் கம்பெனிங்க?” என்றேன்.

“ரெண்டுக்கும் நாந்தானுங்” என்றார்.

பெரிய கம்பெனிகள் ஊர் வரைக்கும்தான் கேபிள் கொண்டு வருவார்களாம். அங்கிருந்து தெருத்தெருவாக இழுத்து வீட்டுக்குள் கொடுப்பது லோக்கல் கேபிள்காரர். எங்கள் ஏரியாவில் இரண்டு கம்பெனிக்கும் அவர் ஒருவரே. ஒரே கம்பம், ஒரே கொக்கி, ஒரே ஏணி. பில் மட்டும் இரண்டு. அறுந்த கேபிளுக்குப் பதிலாகப் புதுசு இழுக்க வியாழன் மத்தியானம் ஆகிவிட்டது. ஹாட்ஸ்பாட் போட்டுப் பார்த்தோம். அதே ‘அனுமதி இல்லை’.

இந்தத் தடவை கட்-ஆஃப் போய்விட்டது. அடுத்த கப்பல் ஒரு வாரம் கழித்து. பையர் விளம்பரம் கொடுத்து, கடையில் தேதி குறித்து வைத்திருக்கிறார், காத்திருக்க மாட்டேன் என்றார். பாதிச் சரக்கை விமானத்தில் அனுப்ப வேண்டியதாயிற்று.

ஏற்றுமதித் தொழிலில் இல்லாதவர்களுக்கு ஒரு விளக்கம். கப்பலில் போகும் பனியனை விமானத்தில் அனுப்புவது, அவிநாசிக்கு டவுன் பஸ்ஸில் போக வேண்டியவன் ஹெலிகாப்டர் பிடிப்பது மாதிரி. அந்த ஆர்டரின் லாபம் கோயமுத்தூர் விமான நிலையத்தைத் தாண்டுவதற்கு முன்பே தீர்ந்துவிடும். அப்புறம் போவதெல்லாம் கைக்காசு.

அந்தக் கைக்காசு எதுவென்றால், சனிக்கிழமை சம்பளத்துக்கு வைத்திருந்த பணம்.

திருப்பூரில் சம்பளம் வாரச் சம்பளம். சனிக்கிழமை ராத்திரி கவர் கைக்கு வரும், ஞாயிற்றுக்கிழமை ஊரே கடைவீதியில் நிற்கும். அந்தச் சனிக்கிழமை பாதிச் சம்பளம்தான் கொடுக்க முடிந்தது. மீதி புதன்கிழமை என்று மாமா சொன்னார். யாரும் சத்தம் போடவில்லை. ஓவர்லாக் மெஷினில் பன்னிரண்டு வருஷமாக இருக்கும் ஒரு அக்கா மட்டும் கவரை எண்ணிப் பார்த்துவிட்டு என் டேபிளுக்கு வந்தார்.

“தம்பி, நாங்க தைக்க வேண்டியதெல்லாம் தைச்சுட்டமுங்களே. கம்பத்துல ஒயரு அறுந்ததுக்கு எங்க சம்பளம் எப்படிங் நிக்கும்?”

நான் பி.காம். அதற்குப் பதில் எந்த செமஸ்டரிலும் வரவில்லை.

மாமா என்னைத் திட்டவே இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. திட்டியிருந்தால் கணக்கு தீர்ந்திருக்கும்.

* * *

கோயமுத்தூரில் நெட்வொர்க் வேலை பார்க்கும் என் கல்லூரி நண்பன் ஒருவன் அடுத்த ஞாயிறு திருப்பூர் வந்தான். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பேக்கரியில் உட்கார்ந்து முழுக்கதையும் சொன்னேன். கேட்டுவிட்டுச் சிரிப்பான் என்று பார்த்தால், தலையில் கையை வைத்துக்கொண்டான்.

“அந்தக் கம்பம் சாயாம இருந்தாக்கூட உனக்கு ஸ்டிக்கர் வந்திருக்காதுடா.”

“ஏன்? ரெண்டாவது லைன் இருக்கே?”

“கரண்டுக்கு அட்ரஸ் கிடையாது. இன்டர்நெட்டுக்கு உண்டு.”

ஈபி கரண்டும் ஜெனரேட்டர் கரண்டும் தையல் மெஷினுக்கு ஒன்றுதான். எங்கிருந்து வந்தாய் என்று மோட்டார் கேட்காது. இன்டர்நெட் அப்படி இல்லை. ஒவ்வொரு லைனும் வரும்போதே ஒரு ஐ.பி. முகவரியோடு வருகிறது. அந்த முகவரி நம்முடையது அல்ல, லைன் கொடுத்த கம்பெனியுடையது. வாடகை வீட்டுக் கதவு எண் மாதிரி. வீடு மாறினால் கதவு எண் கூட வராது. ஜெர்மன்காரர் பாதுகாப்புக்காக எங்கள் முதல் லைனின் முகவரியை மட்டும் எழுதி வைத்துக்கொண்டு, அங்கிருந்து வந்தால் கதவைத் திற என்று கம்ப்யூட்டரிடம் சொல்லியிருக்கிறார். ஹாட்ஸ்பாட்டில் போனால், செல்போன் கம்பெனி ஊர்ப்பட்ட பேருக்குப் பொதுவாக வைத்திருக்கும் முகவரியிலிருந்து போவோம். இரண்டாவது லைனில் போனால் இன்னொரு முகவரி. அவர் கண்ணுக்கு இரண்டு பேரும் முன்பின் தெரியாத ஆள்.

“அப்ப நாலு கம்பெனி லைன் வாங்கினாலும் நாலு அட்ரஸா? ஒரே அட்ரஸ், ரெண்டு லைன்னு முடியவே முடியாதா?”

“முடியும். பேங்க்கெல்லாம் அப்படித்தான் வெச்சிருக்கு. அதுக்கு அஞ்சு சங்கதி வேணும்” என்று இன்னொரு டீ சொன்னான்.

முதல் சங்கதி, சொந்த முகவரி. எந்த லைன் கம்பெனியையும் சாராத முகவரி. இந்தியாவில் இதைக் கொடுக்கும் இடம் ஐ.ஆர்.ஐ.என்.என். டெல்லியில் இருக்கும் நிக்ஸி என்ற அமைப்பின் கீழ் 2012-லிருந்து நடக்கிறது. செல்போன் நம்பரை மாற்றாமல் கம்பெனியை மாற்றும் வசதி 2011 ஜனவரியில் நாடு முழுக்க வந்ததே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. நம்பர் நம்மோடு இருக்கும், கம்பெனி மாறலாம்.

ஆனால் ஒரே ஒரு முகவரி வாங்க முடியாது. 256 முகவரி கொண்ட ஒரு கட்டுதான் உலகம் மதிக்கும் சின்ன அளவு. அதற்குக் குறைவானதைப் பெரிய நெட்வொர்க்குகள் காதில் போட்டுக்கொள்ளாது. அதுவும் பழைய பாணி முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடி. உலகக் களஞ்சியத்திலிருந்து கடைசிக் கட்டுகள் 2011 பிப்ரவரி 3-ம் தேதி பிரித்துக் கொடுக்கப்பட்டுவிட்டன. அதன் பிறகு ரேஷன்தான். புது பாணியான ஐ.பி.வி.6-ல் முகவரிக்குப் பஞ்சமில்லை. ஆனால் எதிர்முனையில் இருக்கும் பையரும் அதில் பேச வேண்டும்.

இரண்டாவது, ஏ.எஸ். நம்பர். ‘இது தனி சமஸ்தானம், இதன் வழியை இதுவே முடிவு செய்யும்’ என்று உலகத்துக்குச் சொல்லும் நம்பர். இதுவும் ஐ.ஆர்.ஐ.என்.என்.-தான் கொடுக்கும். சும்மா கேட்டால் கிடைக்காது. ஒன்றுக்கு மேற்பட்ட கம்பெனியோடு இணைகிறேன், இணையப் போகிறேன் என்று காட்ட வேண்டும்.

மூன்றாவது, பி.ஜி.பி. என்ற பாஷை பேசும் ரௌட்டர். 499 ரூபாய் பிளானோடு இலவசமாக வரும் பெட்டிக்கு இந்தப் பாஷை தெரியாது. இந்தப் பாஷை பிறந்த கதை ரசமானது. 1989 ஜனவரியில் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரத்தில் ஒரு கூட்டம். மத்தியானச் சாப்பாட்டில் கிர்க் லாஹீட், யாகோவ் ரெக்டர் என்ற இரண்டு என்ஜினீயர்கள் கைதுடைக்கும் காகிதத்தில் கிறுக்கியது. அது வளர்ந்து, இன்றைக்கும் உலக இன்டர்நெட்டின் வழிகாட்டிப் பலகை அதுதான். நம் ரௌட்டர் இரண்டு லைன் கம்பெனியிடமும், ‘இந்த 256 வீடு என் வழியாகத்தான்’ என்று சொல்லும். அவர்கள் பக்கத்து நெட்வொர்க்குக்குச் சொல்வார்கள். கொஞ்ச நேரத்தில் உலகமே தெரிந்துகொள்ளும். ஒரு லைன் அறுந்தால் அந்தப் பக்கத்துச் செய்தி வாபஸ் ஆகும். மற்ற லைன் வழியாக எல்லோரும் வருவார்கள். முகவரி அதே முகவரி. ஜெர்மன்காரருக்கு நடந்ததே தெரியாது.

நான்காவது, லைன் கம்பெனிகள் இரண்டும் நம்மோடு இந்தப் பாஷையில் பேசச் சம்மதிக்க வேண்டும். வீட்டு பிராட்பேண்ட் பிளானில் மாட்டார்கள். அதற்கென்று இருக்கும் லீஸ்டு லைன் வாங்க வேண்டும். விலையும் அதற்குத் தகுந்தபடிதான்.

“ரெண்டு பக்கமும் லைன், நடுவுல நம்ம பெட்டி. அப்ப ஒரு கம்பெனிக்காரனோட டிராபிக் நம்ம வழியா இன்னொரு கம்பெனிக்குப் போயிடாதா?” என்று சும்மா ஒரு கேள்வி கேட்டேன்.

நண்பன் டீ கிளாஸைக் கீழே வைத்தான். “போகும்டா! போயிருக்கு!”

2019 ஜூன் 24-ம் தேதி. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஓர் உலோகக் கம்பெனி. எங்கள் பனியன் கம்பெனி மாதிரி, அவர்கள் தொழில் வேறு, இன்டர்நெட் ஒரு சௌகரியத்துக்கு. இரண்டு கம்பெனிகளிடம் லைன். ஒரு பக்கம் கேட்ட வழிகளை மறுபக்கத்தில் சொல்லக் கூடாது என்று வடிகட்ட வேண்டும். அது நடக்கவில்லை. அந்தப் பக்கத்துப் பெரிய கம்பெனியும் காதில் வந்ததைச் சரி பார்க்காமல் நம்பிவிட்டது. உலக டிராபிக்கில் ஒரு பகுதி அந்தச் சின்ன வாசலுக்குள் நுழையப் பார்த்து நெரிசலில் நின்றது. ஏகப்பட்ட வெப்சைட்டுகள் சுமார் இரண்டு மணி நேரம் திணறின. மங்கலம் ரோட்டுச் சந்துக்குள் தேசிய நெடுஞ்சாலையைத் திருப்பிவிட்ட மாதிரி.

எதிர் உதாரணமும் உண்டு. 2021 அக்டோபர் 4 ராத்திரி வாட்ஸ்அப் நின்றது ஞாபகம் இருக்கிறதா? சாம்பிள் போட்டோ அனுப்ப முடியாமல் திருப்பூரின் பாதி மெர்ச்சண்டைசர்கள் போனை ஆஃப் செய்து ஆன் செய்துகொண்டிருந்தார்கள். ஃபேஸ்புக் கம்பெனியின் உள்வேலை ஒன்று தப்பாகி, ‘எங்கள் வீடு இங்கே இருக்கிறது’ என்ற செய்தியை அவர்களே உலகத்திடமிருந்து வாபஸ் வாங்கிவிட்டார்கள். வீடு இருந்தது, வழிதான் இல்லை. சரியாவதற்குச் சுமார் ஆறு மணி நேரம் பிடித்தது. ஆக, சொந்த முகவரி வைத்திருப்பது சௌகரியம் மட்டுமல்ல, பொறுப்பும்கூட.

“இவ்வளவு நல்ல சங்கதியை எல்லாருக்கும் கொடுத்துட்டா என்ன?” என்றேன்.

“கொடுத்தா பலகை தாங்காது.” இப்போதே உலக வழிகாட்டிப் பலகையில் 9 லட்சத்துக்கு மேல் வரிகள். பெரிய ரௌட்டர்கள் எல்லாம் அத்தனையையும் மனப்பாடம் பண்ணி வைத்திருக்கின்றன. ஒவ்வொரு பனியன் கம்பெனியும் ஒரு வரி எழுதினால், அமெரிக்காவில் இருக்கும் ரௌட்டர்கூட எங்கள் சந்தைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஒரு லைன் அறுந்தால், கட்டினால், அந்தச் செய்தி அத்தனை பேருக்கும் போக வேண்டும். 2003-ல் இன்டர்நெட் என்ஜினீயர்கள் உட்கார்ந்து, பல கம்பெனிகளோடு இணையும் ஓர் இடத்துக்கு என்னென்ன வேண்டும் என்று ஒரு பட்டியலே போட்டார்கள். ஒன்று அறுந்தால் இன்னொன்று தாங்க வேண்டும், சுமையைப் பிரித்துக்கொள்ள வேண்டும், பேசிக்கொண்டிருக்கும் பேச்சு அறுந்துவிடக் கூடாது, நடத்துவதற்குச் சுலபமாக இருக்க வேண்டும். எல்லாம் சொல்லிவிட்டு, ஆனால் உலகப் பலகை வீங்கக் கூடாது என்றும் சேர்த்தார்கள். நகைக்கடைக்குப் போய், கனமாகவும் வேண்டும், விலையும் ஏறக் கூடாது என்று கேட்கிற மாதிரிதான்.

* * *

ஐந்தாவது சங்கதியை நண்பன் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அதை எங்கள் தெருமுனைக் கம்பம் ஏற்கெனவே சொல்லிவிட்டது. இரண்டு லைனும் கடைசி வரைக்கும் இரண்டாகவே இருக்க வேண்டும்.

இதில் நான் மட்டும் ஏமாளி இல்லை என்று தெரிந்தபோது கொஞ்சம் ஆறுதல். 2008 ஜனவரி 30-ம் தேதி, எகிப்தின் அலெக்ஸாண்டிரியா பக்கத்தில் கடலுக்கடியில் இரண்டு பெரிய கேபிள்கள் ஒரே நாளில் அறுந்தன. இந்தியாவின் வெளிநாட்டு இன்டர்நெட்டில் ஏறக்குறைய பாதி போய்விட்டது. இரண்டு வேறு கேபிள்கள்தான். முதலாளிகளும் வேறு வேறு. ஆனால் போன பாதை ஒன்று. நம் பனியன் பெட்டிகள் ஐரோப்பாவுக்குப் போகும் அதே சூயஸ் பக்கத்து வாசல். மேற்கே போகாமல் கிழக்கே சிங்கப்பூர் வழியாகவும் பாதை வாங்கி வைத்திருந்தவர்கள் தாக்குப் பிடித்தார்கள். 2016 டிசம்பர் 12-ம் தேதி வர்தா புயல் சென்னையில் அடித்தபோது, கிழக்குப் பக்கத்து வாசலும் ஆட்டம் கண்டது. மழையே பெய்யாத ஊர்களில்கூட இன்டர்நெட் நொண்டியது.

கடலுக்கடியில் எகிப்து, எங்கள் தெருவில் அந்த மூலைக் கம்பம். சைஸ்தான் வித்தியாசம்.

“செரி, எங்களுக்கு என்ன பண்ணலாம்? ஏ.எஸ். நம்பர் வாங்கவா?” என்றேன். வாங்கிவிட்டால் விசிட்டிங் கார்டில் போட்டுக்கொள்ளலாம் என்று ஒரு சின்ன ஆசை.

நண்பன் ஒரே கேள்வி கேட்டான். “வெளிய இருந்து யாராவது உங்க கம்ப்யூட்டரைத் தேடி வர்றாங்களா, இல்ல நீங்க வெளிய போறீங்களா?”

யோசித்துப் பார்த்தேன். எங்களைத் தேடி வருகிறவர்கள் ஆயுத பூஜை வசூலுக்கு வருகிறவர்கள் மட்டும்தான். நாங்கள்தான் பையர் வீட்டுக்கும் பேங்க்குக்கும் ஜி.எஸ்.டி. வாசலுக்கும் போகிறோம்.

“அப்ப சொந்த அட்ரஸ் வேண்டாம். பத்து யூனிட் வெச்சு, சொந்த சர்வர் வெச்சு, பையரே உள்ள வந்து ஆர்டர் பாக்கற கம்பெனிக்கு அது வேணும். நீ மூணு வேலை பண்ணு.”

முதல் வேலை, இரண்டாவது லைனைத் தூக்கிவிட்டு, கேபிளே இல்லாமல் மொட்டை மாடியில் ஆன்டெனா வைத்து எதிர்த்திசை டவரிலிருந்து வாங்கும் லைன் போடுவது. நிலையான முகவரி உள்ளதாக. வேறு கம்பெனி, வேறு பாதை. லாரி எவ்வளவு உயரமாக லோடு ஏற்றினாலும் காற்றை வாரிக்கொண்டு போக முடியாது. முதல் லைன் எந்தக் கம்பம், எந்தத் தெரு வழியாக வருகிறது என்று கேபிள்காரரையே கூட்டிக்கொண்டு நடந்து பார்த்துவிடுவது.

இரண்டாவது வேலை, இரண்டு லைனையும் வாங்கிக்கொண்டு, ஒன்று செத்தால் தானாக மற்றதுக்கு மாறும் சின்ன ரௌட்டர் ஒன்று. அதையும் ஆன்டெனாவையும் யு.பி.எஸ்.ஸில் மாட்டுவது. இல்லாவிட்டால், லைன் இரண்டு இருந்தும் கரண்ட் ஒன்றுதான் என்ற கதை ஆகிவிடும். மாறும்போது முகவரி மாறுவதால், பாதியில் இருக்கும் வேலை அறுந்து, மறுபடி லாகின் செய்ய வேண்டியிருக்கும். சொந்த முகவரிக்காரர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் அவர்கள் கொடுக்கும் விலையை நினைத்தால், லாகின் செய்துகொள்ளலாம்.

மூன்றாவது வேலையைச் சொல்வதற்குத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். புது லைனின் முகவரியையும் பதிந்துகொள்ளுங்கள் என்று ஜெர்மன்காரருக்கு ஒரு மெயில் போடுவது.

திங்கள்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு மெயில் போட்டேன். கெஞ்சிக் கூத்தாடி மூன்று பாரா. இருபது நிமிஷத்தில் இரண்டு வரியில் பதில் வந்தது. சேர்த்தாகிவிட்டது. ஒன்றுக்கு மேல் முகவரி கொடுக்கலாம் என்று எங்கள் கையேட்டிலேயே இருக்கிறதே, பார்க்கவில்லையா?

பார்க்கவில்லை. அந்தக் கையேடு என் கம்ப்யூட்டரில், ‘அப்புறம் படிக்க’ என்ற ஃபோல்டரில் இருந்தது.

செலவு இல்லாத வேலை அது ஒன்றுதான். முதல் வெள்ளிக்கிழமை ராத்திரியே, ‘ஏன் அனுமதி இல்லை?’ என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். முகவரி விஷயம் அப்போதே வெளிவந்திருக்கும். முகவரியைத் தேடியிருந்தால் பாதையையும் தேடியிருப்பேன். கம்பத்தையும் அண்ணாந்து பார்த்திருப்பேன். நான் கேட்காத கேள்விக்கு 60 மெஷின்காரர்கள் நாலு நாள் வட்டி கட்டினார்கள். லாரிக்காரர் மேல் பழியைப் போடுவது சுலபம். அவர் ஒயரை அறுத்தார், அவ்வளவுதான்.

மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், கையேடு உட்பட. கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை.

“ஜெனரேட்டரை வாராவாரம் ஒருவாட்டி ஓட்டிப் பாப்போம் மாப்ளே. ஓட்டாம வெச்சா வேணுங்கறப்ப ஸ்டார்ட் ஆவாது. இதையும் அப்படிப் பாக்கோணும்” என்றார்.

நண்பன் சொல்ல மறந்த ஆறாவது சங்கதி அது. மாமா எட்டாம் வகுப்பு.

இப்போது மாதத்தின் முதல் சனிக்கிழமை, டீ டைம் முடிந்ததும், மாமாவே வந்து ஒரு லைனைப் பிடுங்குகிறார். கொஞ்சம் சந்தோஷமாகவே பிடுங்குகிறார். மெர்ச்சண்டைசர் பெண் பையர் வாசலுக்குள் நுழைந்து ஒரு ஸ்டிக்கர் அடிக்கிறாள். வந்துவிட்டால் சொருகிவிட்டு அடுத்ததைப் பிடுங்குகிறார். இரண்டு தடவையும் வந்தால்தான் நான் சம்பளக் கவர்களை எடுத்து வைக்க ஆரம்பிப்பேன்.

போன மாதம் பிடுங்கிக்கொண்டிருக்கும்போது அந்த ஓவர்லாக் அக்கா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, இப்ப ரெண்டும் வேற வேற கம்பந்தானுங்களே?”

“ஒண்ணுக்குக் கம்பமே இல்லீங்க அக்கா” என்றேன்.

மொட்டை மாடி ஆன்டெனாவை அண்ணாந்து பார்த்தார். அப்புறம் கவரை வாங்கி, என் எதிரிலேயே நிதானமாக எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் போனார்.